சின்னஞ்சூட்டும் நாள்

போன வாரம் ரூபியைக் குசினி அடுப்பருகில், புருசனின் போனைக் கையில் பிடித்தபடி நிற்க விட்டுவிட்டு வந்தோம். காலை ஆறு நாற்பது. ஒன்பது வருசமாகத் தலைகாட்டாத ஒரு பெயர் திரையில் நின்று அடித்தது. அண்ணி, பாரிஸ். தியாகராஜா மேலே குளித்துக்கொண்டிருந்தார்.

எடுத்தாள். எடுக்காமல் விட்டிருக்கலாம் என்று அன்றைய பொழுது சாய்வதற்குள் நூறு தரம் நினைக்கப்போகிறாள், பாவி.

அந்தப் பக்கம் புருசனின் அண்ணன் மனுசி தவநாயகி அழவில்லை. அழுது முடித்தவளின் குரல் அது.

"ரூபி, உன்ர அத்தானுக்கு இனி ஏலாது. பின்னேரம் தாண்டாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். தம்பி, தம்பியெண்டு கேட்டுக்கொண்டு கிடக்கிறார். போனைக் காதில வைச்சு ஒரு சொல்லுக் கதைச்சாலும் காணும்."

அவர் வேலையால் இன்னும் வரவில்லை அக்கா, போனை வீட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டார், வந்தவுடனே எடுக்கச் சொல்கிறேன் என்றாள் ரூபி. ஒரு தடங்கல் இல்லாமல் சொன்னாள். மேலே தண்ணீர் விழும் சத்தம் அவள் காதிலேயே கேட்டுக்கொண்டிருந்தது.

அவளைத் திட்ட வாய் திறக்கிறவர்கள் ஒரு நிமிசம் பொறுங்கள். இந்த வீட்டுச் சங்கதி தெரியாமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

அண்ணன் நடேசலிங்கமும் தம்பி தியாகராஜாவும் பேச்சை விட்டது தாயின் செத்தவீட்டோடு. தம்பியின் பாஸ்போட் அந்த நேரம் ஹோம் ஒபிசில் கிடந்தது. ரெண்டு நாள் பொறுத்தால் வந்துவிடுவேன் என்று போனில் கெஞ்சினார். அண்ணன் பொறுக்கவில்லை, கொள்ளி வைத்துவிட்டார். அன்றைக்கு மூடிய வாயை ரெண்டு பேரும் திறக்கவில்லை. லண்டனிலிருந்து பாரிசுக்கு ரெயிலில் ரெண்டேகால் மணித்தியாலம்தான். வீம்புக்கு ரெயில் ஓடுவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. தியாகராஜா சாவுத் துடக்கு, தீட்டுக் காக்கிற விசயத்தில் கோயில் ஐயருக்கே திருத்தம் சொல்கிற ஆள். ரெண்டு வருசத்துக்கு முன்னால் மூத்தவன் சுஜீத்தின் மிருதங்க அரங்கேற்றம். கார்டு அடித்து, ஹோல் எடுத்து, சனத்துக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. மூன்று நாள் இருக்க வவுனியாவில் தியாகராஜாவின் சித்தப்பா ஒருவர் கண்ணை மூடினார். சுஜீத் அவரைப் போட்டோவில்கூடக் கண்டதில்லை. முப்பத்தொரு நாள் துடக்கு, மேடையும் இல்லை விளக்கும் இல்லை என்று அப்பா ஒரே சொல்லில் நிறுத்தினார். அதற்குப் பிறகு அவன் மிருதங்கத்தைத் தொடவில்லை. இப்போது மான்செஸ்டரில் படிக்கிறான், ரூபி எடுத்தால்தான் கதைப்பான்.

ஒரு பிள்ளையின் மேடை அப்படிப் போனது. இன்றைக்கு மற்றப் பிள்ளையின் மேடை.

இளையவள் மிதுஷாவின் பள்ளிக்கூடத்தில் மூன்று வருசமாகச் சிறந்த பிள்ளைகளுக்கென்று ஒரு ஒனர் சொசைட்டி நடக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் பன்னிரண்டே பன்னிரண்டு பிள்ளைகளை எடுப்பார்கள். படிப்பு மட்டும் போதாது, நடத்தை, பொதுவேலை எல்லாம் பார்ப்பார்கள். எங்கள் ஊரில் மாணவ தலைவர்களுக்குச் சின்னஞ்சூட்டுவது போலத்தான் விழாவும். பிள்ளை மேடைக்குப் போய்ப் பெரிய மெழுகுதிரியில் தன் திரியைக் கொளுத்த வேண்டும், உறுதிமொழி சொல்ல வேண்டும், பிறகு தாயோ தகப்பனோ வந்து சின்னத்தைக் குத்திவிட வேண்டும். வருசத்தில் ஒருநாள். அன்றைக்கு வராத பிள்ளையின் இடம் பட்டியலில் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். போன வருசம் காய்ச்சலில் கிடந்த ஒரு பிள்ளைக்கு அப்படித்தான் போனது.

யார் குத்துவது என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். மிதுஷா யோசிக்கவே இல்லை, அப்பா என்று எழுதிக் கொடுத்திருந்தாள்.

இப்போது ரூபியின் கணக்கைக் கேளுங்கள். பின்னேரம் வரைக்கும் தாங்கும் என்றுதானே சொன்னார்கள். விழா பதினொரு மணிக்கு. பன்னிரண்டுக்கு முடிந்துவிடும். முடிந்த கையோடு சொன்னால் அவர் அண்ணனோடு கதைக்கலாம், ரெயில் ஏறவும் ஏறலாம். இப்போதே சொன்னால் மனுசன் விழாப் பக்கமே வரமாட்டார். இடையில் அத்தானுக்கு ஏதும் நடந்தால் பிள்ளையையும் திரி தொட விடமாட்டார்.

அஞ்சு மணித்தியாலம் மறைத்தால் போதும் என்று நினைத்தாள். போனைச் சத்தமில்லாமல் ஆக்கித் தன் கைப்பைக்குள் வைத்தாள்.

தியாகராஜா கோட் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். பாண் சுடுகிற ஃபக்டரியில் பதினாறு வருசமாக இரவு ஷிப்ட். மிதுஷா நேசரிக்குப் போன நாள் தொடங்கி ஒரு பள்ளிக்கூட வாசலையும் மிதிக்காதவர், பிள்ளை வெளிக்கிடுகிற நேரம்தான் அவர் படுக்கிற நேரம். இன்றைக்கென்று கேட்டு லீவு எடுத்திருந்தார். சூட்டுத் தட்டுப் பிடித்துப் பிடித்து விரலெல்லாம் தடித்துப்போன கை. சின்ன ஊசி பிடிபடுமோ என்ற பயத்தில் மூன்று நாளாகச் சோபாக் குஷனுக்குச் சாறி ஊசி குத்திப் பழகினார். மிதுஷா அதைக் களவாக வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு சிரித்தாள்.

போன் எங்கே என்று கேட்டார். சார்ஜ் இல்லை, எப்படியும் ஹோலுக்குள் போன் விடமாட்டார்கள், என் பையில் கிடக்கட்டும் என்றாள். அவர் ஏனென்று கேட்கவில்லை. இருபத்துமூன்று வருசத்தில் மனுசி சொன்னதை அவர் சோதித்துப் பார்த்தது கிடையாது.

ஒத்திகைக்கென்று மிதுஷா எட்டு மணிக்கே போய்விட்டாள். பத்து மணிக்கு இவர்கள் ரெண்டு பேரும் குட்மேய்ஸ் வீட்டிலிருந்து காரில் வெளிக்கிட்டார்கள். ரூபிக்கு மடியில் கிடந்த கைப்பை கனத்தது. சத்தம் இல்லாவிட்டாலும் போன் உள்ளே வெளிச்சம் அடித்து அணைவது பையின் வாயால் தெரிந்தது. அவள் கையால் பொத்திக்கொண்டாள்.

ஹை ரோட்டுச் சிவப்பு விளக்கில் கார் நின்றது. தியாகராஜா நேரே பார்த்தபடி சொன்னார்:

"பின்னேரம் பிள்ளையின்ர போட்டோவை அண்ணைக்கு அனுப்புவமோ?"

ரூபி அவர் பக்கம் திரும்பினாள். ஒன்பது வருசத்தில் அந்த வாயிலிருந்து அண்ணை என்ற சொல் வந்து அவள் கேட்கவில்லை. அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். அண்ணையும் பள்ளிக்கூடத்தில் சிரேஷ்ட மாணவ தலைவராக இருந்தவராம். பார்த்தால் பார்க்கட்டும், பார்க்காவிட்டால் விடட்டும், நாங்கள் அனுப்பினால் எங்கள் கடமை முடிந்ததாம்.

சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று அவள் நெஞ்சு அடித்தது. அத்தான் உயிரோடு இருக்கிறார், போன் கையில் இருக்கிறது, காரை ஓரமாக விட்டால் சரி.

"இஞ்சருங்கோ," என்று தொடங்கினாள்.

"ஒண்டும் சொல்லாதை ரூபி. ஏற்கெனவே கை நடுங்குது," என்று சிரித்தார் அவர். பச்சை விழுந்தது.

அவள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவர்தானே வேண்டாம் என்றார் என்று மனதுக்குள் ஒரு சாட்டுப் பிடித்துக்கொண்டாள். மனுசருக்குச் சாட்டு ஒன்று கிடைத்தால் போதும், மிச்சப் பழியை அதன் தலையில் கட்டிவிடலாம்.

ஹோல் நிறையச் சனம். அவரை ஒரு கதிரையில் இருத்திவிட்டு ரூபி பாத்ரூமுக்கு ஓடிக் கதவைப் பூட்டினாள். பதினொரு மணிக்கு அஞ்சு நிமிசம். அண்ணியின் நம்பரிலிருந்து ஒன்பது கோல். அதற்குக் கீழே நாலு நிமிச வொயிஸ் மெசேஜ் ஒன்று. அக்கா திட்டியிருப்பாள், நாலு நிமிசம் திட்டுவதற்கு அவளுக்கு நியாயமும் இருக்கிறது. ரூபிக்கு அதைக் கேட்கிற தைரியம் வரவில்லை. திறக்காமல் விட்டுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

பெயர் கூப்பிடுவது குடும்பப் பெயரின் ஆங்கில எழுத்து வரிசையில். எங்கள் ஆட்களுக்கு அப்பாவின் பெயர்தானே குடும்பப் பெயர். ஆகவே தியாகராஜா மிதுஷா பன்னிரண்டு பேரில் பதினோராவது. இரண்டாவதாய் மேர்வின் போனான். அவன் தாய், ரூபிக்குத் தெரிந்த மரியநாயகி, ரெண்டு வரிசை முன்னால் இருந்தவள், எழும்பிப் போய்ச் சின்னத்தைக் குத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தலைமை ஆசிரியை ஆறுதலாக, அவசரமே இல்லாமல் ரெண்டு வசனம் சொன்னார். சொல்லாமல் கெதியாகக் கூப்பிடு தாயே என்று ரூபி உள்ளுக்குள் மன்றாடினாள்.

ஆறாவது பிள்ளை மேடையில் நிற்கும்போது பைக்குள் மறுபடி வெளிச்சம். மடிக்குள் வைத்தே பார்த்தாள். தவநாயகியின் ஒரு வரி. பதினொன்று இருபத்தாறு.

இவர் எங்களை விட்டிட்டுப் போட்டார்.

ரூபி பையின் வாயை இறுக்கி மூடினாள். பின்னேரம் என்றார்களே. பின்னேரம் என்றுதானே சொன்னார்கள். பக்கத்தில் தியாகராஜா நிகழ்ச்சி நிரலில் மகளின் பெயருக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு இருந்தார்.

இனித்தான் பெரிய பாவம். மேடையில் மெழுகுதிரி எரிகிறது. கூடப்பிறந்த அண்ணன் செத்துப் பத்து நிமிசத்தில் இந்த மனுசன் மேடை ஏறப்போகிறார், மகள் திரி கொளுத்தப்போகிறாள். கேள்விப்பட்டால்தான் துடக்கு என்று ஒருமுறை அவரே சொல்லிக் கேட்டிருக்கிறாள். அதைப் பிடித்துக்கொண்டாள். அவருக்குத் தெரியாது, பிள்ளைக்குத் தெரியாது, தெரிந்தவள் நான் ஒருத்திதான், துடக்கும் பாவமும் என்னோடு போகட்டும் என்று பல்லைக் கடித்தாள்.

எட்டாவது பெயர் கூப்பிட்டார்கள். முன்னால் மரியநாயகி மேர்வினின் படத்தை யாருக்கோ அனுப்பப் போனை எடுத்தாள். அவளுடைய தம்பி பாரிசில் நடேசலிங்கத்தின் பில்டிங்கிலேயே இருக்கிறான். அவனுடைய மெசேஜை அவள் வாசிப்பதை ரூபி பின்னாலிருந்தே கண்டாள். தோள் அப்படியே நின்றது. மெல்லத் திரும்பி முதலில் தியாகராஜாவைப் பார்த்தாள், பிறகு கதிரையை விட்டு எழும்பினாள்.

ரூபி முந்திக்கொண்டாள். நடைவழியில் மறித்து அவள் கையைப் பிடித்தாள்.

"மரியா, உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன். பத்து நிமிசம்."

"உனக்குத் தெரியுமோ?" மரியநாயகியின் கண் விரிந்தது. "ரூபி, அது அவற்ற கூடப்பிறந்த சகோதரம்."

"என்ர பிள்ளை இன்னும் ஏறேல்லை."

மரியநாயகி கையை உருவிக்கொண்டாள். ஒரு தாய்க்கு மற்றத் தாயின் கதை விளங்கும், ஆனால் விளங்கியதெல்லாம் பிடிக்க வேண்டும் என்றில்லை. தன் கதிரையில் போய் இருந்தாள். அதற்குப் பிறகு அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

பதினோராவது பெயர் வந்தது.

மிதுஷா மேடை ஏறினாள். பெரிய திரியில் தன் திரியைப் பிடித்தாள், பற்றியது. நேர்மையாக இருப்பேன், மற்றவருக்காக நிற்பேன் என்று ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னாள். தியாகராஜா கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு படியேறிப் போனார். ஹோல் முழுக்கப் பார்த்திருக்க, அந்தத் தடித்த விரல்கள் ஒரே குத்தில் சின்னத்தைச் சரியாகக் குத்தின. மிதுஷா அப்பாவைக் கட்டிப்பிடித்தாள். அவர் எல்லோருக்கும் முன்னால் வெட்கமில்லாமல் அழுதார்.

ரூபியும் அழுதாள். பக்கத்திலிருந்த வெள்ளைக்காரி அதைச் சந்தோசக் கண்ணீர் என்று நினைத்து அவள் தோளில் தட்டிக்கொடுத்தாள்.

விழா முடிந்து தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தியாகராஜா ஒன்றும் குடிக்கவில்லை. மகளையும் மனுசியையும் கூட்டிக்கொண்டு கார் நிற்கிற இடத்துக்கு வந்தார். வந்ததும் வராததுமாகக் கையை நீட்டினார். போனைத் தா, சார்ஜ் கொஞ்சமாவது இருக்கும், பிள்ளையை ஒரு போட்டோ எடுத்து இப்பவே அண்ணைக்கு அனுப்பப்போறன், பின்னேரம் வரைக்கும் ஏன் வைச்சிருப்பான் என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

ரூபி போனைக் கொடுத்தாள். கொடுத்த கையோடு சொன்னாள்.

"அத்தான் எங்களை விட்டிட்டுப் போட்டார்."

சிரிப்பு உடனே போகவில்லை, கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது. எப்ப என்று கேட்டார். பதினொன்றரைக்கு, இப்பத்தான் மெசேஜ் பார்த்தனான் என்றாள். ஒரு பொய்யை மூட ஒன்பது பொய் வேண்டும் என்பார்களே, அவள் ஒன்பதையும் சொல்ல ஆயத்தமாய்த்தான் நின்றாள். ஆனால் அவர் பாரிசுக்கு அடித்துவிட்டார். தடித்த விரலில் ஸ்பீக்கர் தட்டுப்பட்டு, தவநாயகியின் குரல் மூன்று பேருக்கும் கேட்டது.

"தம்பி, இப்பதான் நேரம் கிடைச்சதோ?"

"அண்ணி, எனக்கு ஒண்டும் தெரியாது. இப்பத்தான்…"

"காலமை உங்கட நேரம் ஆறேமுக்காலுக்கு ரூபியிட்டைச் சொன்னனான். போனைக் காதில வைச்சாலும் காணுமெண்டு சொன்னனான். நீங்கள் எடுப்பியள் எண்டு கடைசி மட்டும் போனைக் கையை விட்டு விடேல்லை உங்கட அண்ணை. ஏலாமல் போக, தன்ர குரலிலயே பதிஞ்சு உங்களுக்கு அனுப்பினவர். அதையாவது கேட்டனியளோ?"

தியாகராஜா போனை நிறுத்தினார். மனுசியைப் பார்த்தார். அவர் கத்தியிருந்தால் ரூபிக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை.

"நீ கேட்டனியோ?"

"இல்லை. அது அக்காவின்ர குரலெண்டு நினைச்சன்."

"காரில வரேக்கை உனக்குத் தெரியும்."

"ஓம்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. சுஜீத்துக்கு நடந்தது இவளுக்கும் நடக்கக்கூடாதெண்டுதான் என்று அவளாகச் சொன்னாள். அவர் முகம் ஒருமுறை சுருங்கியது. அந்த அடி அவருக்கும் பட்டது. ஆனாலும் பாஸ்போட் எங்கே என்று மட்டும் கேட்டார். அலுமாரியில், சாறிகளுக்குக் கீழே என்றாள். நானும் வாறன் என்றாள்.

"அண்ணியின்ர முகத்தில நீ எப்பிடி முழிப்பாய்?"

ரூபி மிதுஷா பக்கம் திரும்பினாள். பிள்ளைக்காகத்தானே, பிள்ளையாவது விளங்கிக்கொள்ளும். மிதுஷா அழுதுகொண்டு நின்றாள், சின்னம் கோட்டில் மினுங்கிக்கொண்டிருந்தது.

"என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே, அம்மா. எனக்கு இது வேண்டாமெண்டு சொல்லியிருப்பன்."

சொல்லிவிட்டு அப்பாவோடு போய்க் காரில் ஏறிக்கொண்டாள். கதவு ரெண்டும் சாத்துப்பட்டன. கார் ஸ்டார்ட் ஆனது, ஆனால் நகரவில்லை. கண்ணாடிக்கு உள்ளே தியாகராஜா போனைக் காதில் வைத்திருந்தார். ரூபிக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். முதல் நிமிசம் அவர் கண்ணை மூடியிருந்தார். பிறகு தலையை ஸ்டியரிங்கில் வைத்தார். நாலு நிமிசம் அவ்வளவு நீளமா என்று அவள் அன்றைக்குத்தான் அறிந்தாள்.

இஞ்சின் நின்றது. தியாகராஜா இறங்கி வந்து போனை அவள் பக்கம் நீட்டினார்.

"கடைசி ஒரு நிமிசம் உனக்குச் சொல்லியிருக்கிறார். நீதான் என்னைக் கூட்டிக்கொண்டு வருவாயாம். நீ மனம் வைச்சால் நடக்குமாம். கேள்."

ரூபி போனை வாங்கினாள். அதைக் காதுவரை தூக்க அவளுக்கு ஏலவில்லை. அவர் நகரவில்லை, அவள் கேட்டு முடிக்கும்வரை நிற்பதென்றே எதிரில் நின்றார்.